சக்கரம் ஏன் நின்றது? ஒரு கணினி விளையாட்டும் நீராலைகளின் வரலாறும்

டிம்பர்பார்ன் என்னும் நகரமைப்பு விளையாட்டை ஆடத் தொடங்குவோர் எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் கேட்கும் கேள்வி இது: அணை நிறையத் தண்ணீர் இருக்கிறது, சக்கரம் மட்டும் ஏன் சுழலவில்லை? சிலர் சக்கரத்தை இடித்துவிட்டுப் புதிதாக ஒன்று கட்டுகிறார்கள். சிலர் கூடுதலாக இரண்டு சக்கரங்களை வைக்கிறார்கள். அவையும் சுழலுவதில்லை. பெரும்பாலும் பழுது சக்கரத்தில் இருப்பதில்லை என்பதுதான் காரணம்.

இந்தக் கேள்வி கணினித் திரையில் பிறந்ததன்று. ரோமானியப் பொறியாளர், இடைக்காலத் துலூஸ் நகரத்து ஆலைப் பங்குதாரர், காங்ரா பள்ளத்தாக்கில் மாவரைத்தவர் என ஒவ்வொருவரும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த விடைகளையும் விளையாட்டு தரும் விடையையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, தொழில்நுட்ப வரலாறு எழுதும் நாம் வழக்கமாகத் தவறவிடும் ஒன்று புலப்படுகிறது. விளையாட்டில் பழுதுபார்த்தல் நீரியல் சார்ந்த செயல். வரலாற்றில் அது பெரிதும் அண்டை வீட்டாரைப் பற்றிய செயலாக இருந்தது. இந்த வேறுபாட்டை விளக்குவதே இப்பதிவின் நோக்கம்.

முதலில் விளையாட்டைப் பற்றிச் சுருக்கமாக. போலந்தைச் சேர்ந்த மெக்கானிஸ்ட்ரி நிறுவனம் 2021 செப்டம்பரில் இதன் தொடக்கநிலைப் பதிப்பை வெளியிட்டது. மனிதர் அழிந்த உலகில், அணைகட்டும் இயல்புடைய பீவர்கள் நகரம் அமைக்கின்றன. மரமறுக்கும் ஆலைக்கும் பல்சக்கரப் பட்டறைக்கும் விசை தேவை. அவ்விசையை ஆற்றில் வைக்கும் நீர்ச்சக்கரம் தருகிறது. சுழல்தண்டுகளின் வழியாக அது ஆலைகளைச் சென்றடைகிறது. குறிப்பிட்ட இடைவெளியில் வறட்சி வரும். அப்போது ஊற்றுகள் அடைபடும், ஆறு வற்றும், சக்கரம் நிற்கும். விசை இங்கே குதிரைத்திறனில் அளக்கப்படுகிறது. நீராவி எந்திரம் விற்க ஜேம்ஸ் வாட் நிலைநிறுத்திய அலகு, குதிரையே இல்லாத உலகில் ஆற்றை அளக்கப் பயன்படுகிறது. அலகுகளுக்கும் வரலாற்றுச் சுமை உண்டு என்று மாணவர்க்கு எடுத்துக்காட்ட இது ஒன்றே போதும்.

சக்கரம் நின்றால் ஆட்டக்காரர் சோதிக்க வேண்டியவை நான்கு. நீர் நகர்கிறதா, அல்லது தேங்கி நிற்கிறதா? சக்கரத்தைக் கடந்த நீருக்குப் போக்கிடம் உண்டா? சுழல்தண்டு இடையில் எங்கேனும் அறுபட்டிருக்கிறதா? கிடைக்கும் விசையைவிடக் கேட்கும் ஆலைகள் மிகுந்துவிட்டனவா? பின்னிரண்டும் எளிதில் கண்டுபிடிக்கக்கூடியவை. தண்டின் இடைவெளி கண்ணுக்குத் தெரியும். விசை போதாவிட்டால் எல்லா ஆலைகளும் மந்தமாக ஓடுவதைப் பார்க்கலாம். ஆட்டக்காரரைத் திணறடிப்பவை முன்னிரண்டும்தாம். வரலாறும் அங்கேயே தொடங்குகிறது.

தேங்கிய நீர் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் சக்கரத்தைச் சுழற்றாது. இது வெளிப்படையான உண்மைபோலத் தோன்றினாலும், நகரும் நீரிலிருந்து எவ்வளவு வேலை பெறலாம் என்பதை ஐரோப்பிய அறிவுலகம் கணக்கிட நெடுங்காலம் ஆயிற்று. 1704இல் பாரிசில் அந்துவான் பாரான் என்னும் கணிதவியலாளர், நீரோட்டத்தால் தள்ளப்படும் சக்கரம் அவ்வோட்டத்தின் ஆற்றலில் அதிகபட்சம் 27இல் 4 பங்கையே, அதாவது ஏறத்தாழ 15 விழுக்காட்டையே, பெற இயலும் என்று கணக்கிட்டார். அக்கணக்கு அரை நூற்றாண்டு செல்வாக்குடன் இருந்தது. பின்னர் இங்கிலாந்தில் ஜான் ஸ்மீட்டன் 2 அடி விட்டமுள்ள மாதிரிச் சக்கரம் ஒன்றைச் செய்து, ஒவ்வொரு காரணியாக மாற்றிச் சோதித்தார். 1759இல் ராயல் சொசைட்டியில் அவர் அளித்த கட்டுரை இரண்டு முடிவுகளைக் கூறிற்று. அடியில் ஓடும் நீர் தள்ளும் சக்கரம், பாரானின் கணக்குக்கு ஏறத்தாழ இரு மடங்கு வேலை செய்கிறது. மேலிருந்து விழும் நீரின் எடையால் சுழலும் சக்கரமோ அதற்கும் இரு மடங்கு, அதாவது மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு வேலை தருகிறது. ஆக, நீர் மோதுவதைவிட நீர் இறங்குவதே பெரிய செல்வம் என்பது சோதனையால் நிறுவப்பட்டது.

இன்றைய அலகில் கூறினால், வினாடிக்கு 1 கன மீட்டர் நீர் 1 மீட்டர் இறங்கும்போது கிடைக்கக்கூடிய ஆற்றல் ஏறத்தாழ 9.8 கிலோவாட். எத்தனை நுட்பமான சக்கரமானாலும் அதற்கு மேல் பெற முடியாது. நீரின் அளவு, அது இறங்கும் உயரம் இவ்விரண்டும் சேர்ந்ததே நீராலையின் முதலீடு.

இறங்கும் உயரம் என்றதும் நம் கண் மேலே செல்கிறது. எவ்வளவு உயரத்திலிருந்து நீர் வருகிறது என்று பார்க்கிறோம். ஆனால் உயரத்துக்கு இரண்டு முனைகள் உண்டு. சக்கரத்துக்கு வரும் நீரைத் தலைநீர் என்றும், சக்கரத்தை விட்டுப் போகும் நீரைக் கடைநீர் என்றும் இங்கே குறிப்பிடுகிறேன். தலைநீர் ஓரடி தாழ்ந்தாலும் நட்டம், கடைநீர் ஓரடி உயர்ந்தாலும் அதே நட்டம். உண்மையில் கடைநீர் உயர்வது இன்னும் கொடியது. வீழ்ச்சி குறைவதோடு, சக்கரத்தின் அடிப்பாகம் நீரில் மூழ்கி, பலகைகள் நீரைப் பிளந்துகொண்டு போராட வேண்டியிருக்கும். மேலிருந்து நீர் ஏற்கும் சக்கரத்தின் அடிப்பகுதி, கடைநீர் ஓடும் திசைக்கு எதிராகவே பெரும்பாலும் நகர்கிறது. எனவே வெள்ளக் காலத்தில், ஆற்றில் நீர் மிகுந்திருக்கும்போதே ஆலை நின்றுபோகும். பக்கவாட்டில் நீர் ஏற்று, கடைநீரின் போக்கிலேயே அடிப்பகுதி நகரும் சக்கரத்தைத் தொழிற்புரட்சிக் காலப் பொறியாளர் பலர் விரும்பியதற்கு இது முக்கியக் காரணம்.

விளையாட்டிலும் இப்பழுது உண்டு. சக்கரத்துக்குக் கீழே உள்ள மதகை மூடிவிட்டால் நீர் பின்னோக்கித் தேங்கி, ஓட்டம் தளர்ந்து, சக்கரம் மந்தமாகும். ஆனால் அங்கே அந்த மதகை மூடியவரும் ஆட்டக்காரர்தாம். ஒரே கை மூடுகிறது, அதே கை திறக்கிறது. இந்த ஒரு வசதிதான் விளையாட்டையும் வரலாற்றையும் பிரிக்கிறது.

இன்னொரு வசதியும் உண்டு, அது இதைவிட ஆழமானது. டிம்பர்பார்னில் சக்கரம் ஆற்றிலிருந்து எதையும் எடுத்துக்கொள்வதில்லை. ஒரு கால்வாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் பத்துச் சக்கரங்களை வைத்தாலும், பத்தாவது சக்கரத்துக்கு முதல் சக்கரத்துக்குக் கிடைத்த அதே ஓட்டம் கிடைக்கும். நீர் களைப்படைவதில்லை. ஆட்டத்தின் இன்பத்துக்கு இது தேவையாக இருக்கலாம், அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் மெய்யுலகில் ஒரு சக்கரம் பெறும் ஆற்றல், ஆறு இழக்கும் உயரம்.

இதற்குத் தெளிவான சான்று தெற்குப் பிரான்சில் ஆர்ல் நகருக்கு அருகிலுள்ள பார்பெகால். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரோமானியர் அங்கே 16 சக்கரங்கள் கொண்ட மாவாலைத் தொகுதியை அமைத்தனர். சமவெளியில் வரிசையாக நிறுத்தாமல், ஒரு குன்றின் சரிவில் வரிசைக்கு 8 வீதம் இரண்டு வரிசைகளாகப் படிக்கட்டுப்போல் இறக்கினர். மொத்தச் சரிவு ஏறத்தாழ 18 மீட்டர். அப்படியெனில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் சற்றேறக்குறைய 2 மீட்டர் பங்கு. ஒன்றன் கடைநீர் அடுத்ததன் தலைநீர். உயரத்தை எட்டுப் பங்காக வெட்டிக் கொடுத்த பாகப்பிரிவினைப் பத்திரம் என்றே அக்கட்டடத்தை வாசிக்கலாம். அங்கும் சக்கரங்கள் நின்றன. மரப்பாகங்கள் மட்கி மறைந்துவிட்டன என்றாலும், அவற்றின்மேல் படிந்த சுண்ணாம்புப் படிவங்கள் எஞ்சியிருக்கின்றன. 2018இல் வெளியான ஆய்வொன்று அப்படிவங்களின் அடுக்குகளை வாசித்து, ஆலைகள் ஆண்டுதோறும் சில மாதங்கள் ஓய்ந்திருந்தன என்று காட்டியது. எந்திரம் ஓடியதன் தடயத்திலேயே அது ஓடாத காலமும் எழுதப்பட்டிருக்கிறது.

பார்பெகாலில் பங்கீடு எளிதாக முடிந்தது. முழுத் தொகுதியும் ஒரே திட்டமாக வகுக்கப்பட்டதே காரணம். உரிமையாளர் பலராகும்போது என்ன நிகழும் என்பதைத் துலூஸ் நகரம் காட்டுகிறது. அங்கே கரோன் ஆற்றில் மேலிருந்து கீழாக மூன்று ஆலைத் தொகுதிகள் இருந்தன: ஷாத்தோ நார்போனே, டோராட், பசாக்கிள். 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் மிதக்கும் ஆலைகள் கைவிடப்பட்டு, அணையோடு கூடிய நிலையான ஆலைகள் எழுந்தன. அவற்றின் உடைமை பங்குகளாகப் பிரிக்கப்பட்டு, விற்கவும் வாங்கவும் பட்டது. உலகின் மிகப் பழைய பங்கு நிறுவனங்களைப் பற்றிப் பேசும் நூல்கள் இவற்றைக் குறிப்பிடுவது அதனால்தான்.

மூன்றனுள் கீழே இருந்த பசாக்கிள் தன் அணையை உயர்த்தியது. அதன் தலைநீர் உயர்ந்தது. ஆற்றில் அந்நீர் பின்னோக்கித் தேங்கி, மேலே இருந்த டோராட் ஆலைகளின் கடைநீரை உயர்த்தியது. டோராட்டின் சக்கரங்கள் தளர்ந்தன. அவ்வாலைக்காரர் சக்கரத்தை எவ்வளவு செப்பனிட்டாலும் பயனில்லை, பழுது அவர்களது வளாகத்துக்குள் இல்லை. எனவே தச்சரை அழைப்பதற்குப் பதிலாக வழக்கறிஞரை அழைத்தனர். வழக்கு தலைமுறைகளைக் கடந்து நீண்டது. இறுதியில் டோராட் ஆலைகள் ஓய்ந்தன, பசாக்கிள் நிலைத்தது. அந்நிறுவனம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மின்னுற்பத்திக்கு மாறி, 1946இல் நாட்டுடைமையாகும்வரை வாழ்ந்தது.

உழவருக்கும் ஆலைக்காரருக்கும் உள்ள வேறுபாடு இங்கே முக்கியமானது. பாசனத்தில் கடைமடைக்காரர் மேல்மடைக்காரருக்கு அஞ்சுகிறார், மேலே தடுத்தால் கீழே நீர் வராது. மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்கு அஞ்சக் காரணம் அரிது. நீராலையிலோ அச்சம் இருபுறமும் உண்டு. மேலே இருப்பவர் நீரைத் தடுத்து நிறுத்தலாம், கீழே இருப்பவர் நீரைத் தேக்கி மூழ்கடிக்கலாம். ஆலைக்காரரின் சக்கரம் இரண்டு அண்டை வீட்டாரின் நன்னடத்தைக்கு இடையே சுழல்கிறது. ஐரோப்பிய ஊர் ஆவணங்களில் அணையின் உயரம், அளவுக்கல், மதகைத் திறக்கும் நேரம் ஆகியவை பற்றி இவ்வளவு வழக்குகள் குவிந்து கிடப்பதன் பொருள் இதுவே. அவற்றைச் சட்ட வரலாற்று ஆவணங்களாக மட்டும் வாசிக்கிறோம். அவை பழுதுபார்ப்புக் குறிப்பேடுகளும்கூட.

இந்தியாவில் இதற்கு நிகராக ஆராயத்தக்கது இமயமலைச் சரிவுகளின் கராட். செங்குத்தான மரத்தூம்பின் வழியாக விழும் நீர், கிடையாக அமைந்த சிறு சக்கரத்தின் அலகுகளில் மோதுகிறது. அதன் நிமிர்ந்த தண்டு நேரே மேலே சென்று மேற்கல்லைச் சுழற்றுகிறது. இடையில் பல்சக்கரம் இல்லை. அறுபடக்கூடிய இணைப்புகள் மிகக் குறைவு என்பதால், விளையாட்டின் நான்கு சோதனைகளுள் மூன்றாவது இங்கே ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. எஞ்சுவது நீரும் அதன் போக்கும்தான்.

காங்ராவில் இக்கராட்கள் பல, கூஹ்ல் எனப்படும் பாசனக் கால்வாய்களின் மேலேயே அமைந்தவை. கூஹ்லைப் பழுதுபார்க்க ஆட்களைத் திரட்டுவதும் நீரைப் பங்கிடுவதும் கோஹ்லி எனப்படும் நீர்க்காவலரின் பொறுப்பு. ஆலை நீரை உண்பதில்லை, அப்படியே கீழே அனுப்பிவிடுகிறது. வயல் நீரை உண்டுவிடுகிறது. எனவே நாற்று நடும் பருவத்தில் மேலே நீர் வயலுக்குத் திருப்பப்பட்டால், கீழே கல் நிற்கும். கல் நின்றதும் மாவரைப்பவர் தேடிச் செல்வது கொல்லரையன்று, கோஹ்லியை. இவ்வழக்கங்களைக் காலனிய ஆட்சி ரிவாஜ்-இ-ஆப்பாஷி என்னும் பதிவேட்டில் எழுதி வைத்தது. மார்க் பேக்கர் 2005இல் வெளியிட்ட கூஹ்ல்கள் பற்றிய நூல் அதனையும் கள ஆய்வையும் இணைத்து எழுதப்பட்டது. நீராலை வரலாற்றில் ஆர்வமுடைய மாணவர்கள் அதைப் பாசன நூலாக மட்டும் கருதி ஒதுக்கிவிட வேண்டாம்.

இனி வறட்சி. டிம்பர்பார்னில் வறட்சிக்கு விடைகள் பல: நீரைத் தேக்கி வைத்துச் சிறிது சிறிதாக விடலாம், பீவர்களையே சுழலுருளைக்குள் ஓடவிடலாம், மிகுதி விசையால் பெரும் எடையைத் தூக்கி வைத்துப் பின்னர் இறக்கி விசை பெறலாம். இவற்றுள் இறுதியானதன் உறவினரை 18ஆம் நூற்றாண்டில் காணலாம். பர்மிங்காம் அருகே சோஹோவில் மாத்தியூ போல்டனின் பட்டறை ஒரு சிற்றோடையை நம்பியிருந்தது. கோடையில் ஓடை வறளும், சக்கரம் தளரும். 1777இல் அங்கே நிறுவப்பட்ட வாட் எந்திரம் பட்டறையை நேரடியாக இயக்கவில்லை. சக்கரத்தைக் கடந்துபோன கடைநீரை மீண்டும் மேல்குளத்துக்கு இறைத்தது. நீராவி தொடக்கத்தில் நீர்ச்சக்கரத்தின் பகைவனாக வரவில்லை, பழுதுபார்ப்பவனாகவே வந்தது.

பிறகு ஏன் நீராவி சக்கரத்தை வீழ்த்தியது? பாடநூல் விடை, நீர் போதவில்லை என்பது. ஆந்திரேயாஸ் மால்ம் 2016இல் வெளியிட்ட 'ஃபாசில் கேபிடல்' நூலில் இதை மறுக்கிறார். 1820களிலும் 1830களிலும் பிரித்தானியாவில் நீர்விசை நீராவியைவிட மலிவாகவே இருந்தது என்பது அவர் வாதம். ராபர்ட் தாம் வடிவமைத்து 1827இல் திறக்கப்பட்ட கிரீனாக் நீர்த்தேக்கத் திட்டம், ஆலைகள் பலவற்றுக்கும் ஆண்டு முழுவதும் சீராக நீர் வழங்க இயலும் என்று காட்டிற்று. ஆனால் அத்தகைய திட்டத்துக்கு ஆலை முதலாளிகள் ஒருவரோடொருவர் ஒத்துப்போக வேண்டும். யார் எவ்வளவு செலுத்துவது, யாருக்கு எப்போது நீர் என்று உடன்பட வேண்டும். நீராவி எந்திரம் வாங்கியவருக்கு அண்டை வீட்டார் தேவையில்லை, தொழிலாளர் நெருங்கி வாழும் நகரத்துக்கு ஆலையைக் கொண்டு செல்லவும் தடையில்லை. மால்மின் வாதத்தை முழுமையாக ஏற்காதோரும் உண்டு. எனினும் நம் கேள்வியை அது கூர்மையாக்குகிறது. பழுது நீரில் இல்லாமல், நீரைப் பகிர்ந்துகொள்ள இயலாமையில் இருந்திருக்கலாம்.

மொழியியல் மாணவனாக ஒரு குறிப்பையும் சேர்க்கிறேன். ஆங்கிலத்தின் மில் என்னும் சொல் மாவரைப்பதில் தொடங்கி, நீராலையைக் குறித்து, பின்னர் நீரும் இல்லாத, அரைப்பதும் இல்லாத தொழிற்சாலைக்குப் பெயராயிற்று. நம் ஆலை என்னும் சொல்லும் கரும்பு பிழியும் பொறியில் தொடங்கி, இன்று உருக்காலை, பஞ்சாலை வரை விரிந்திருக்கிறது. இந்தியின் பன்சக்கி நீரையும் திரிகையையும் வெளிப்படையாகவே இணைத்துச் சொல்கிறது. கராட் என்பதோ அரைகல்லைக் குறிக்கும் கரட்ட என்னும் சமஸ்கிருதச் சொல்லோடு உறவுடையது. இப்பெயர்களுள் எதிலும் கடைநீர் இல்லை. பெயர் எந்திரத்துக்கும் அதன் வேலைக்கும் கிடைக்கிறது, அதை இயங்கவிடும் ஏற்பாட்டுக்குக் கிடைப்பதில்லை. நம் வரலாற்றெழுத்தும் சொற்களின் வழியே சென்று, கண்டுபிடிப்பையும் கண்டுபிடிப்பாளரையும் பற்றியே பேசிவிட்டு நின்றுவிடுகிறது.

இதனால் விளைவது வெறும் கல்விசார் குறைபாடன்று. இமயமலையில் ஓய்ந்து கிடக்கும் ஒரு கராட்டைப் பார்த்துப் பழைய தொழில்நுட்பம் காலாவதியாயிற்று என்று எழுதுவது எளிது. பழைய சக்கரத்தை மாற்றி உருளைத்தாங்கி பொருத்தினால் போதும் என்ற தீர்வும் அதிலிருந்தே பிறக்கிறது. டீசல் அரவையின் போட்டி உண்மைதான், உருளைத்தாங்கியும் நல்லதுதான். ஆனால் மேலே ஓடை குழாய்க்குள் திருப்பப்பட்டிருந்தால், அல்லது கூஹ்லைத் தூர்வாரும் ஊர்முறை கலைந்திருந்தால், எத்தகைய சக்கரமும் சுழலாது. சக்கரத்தை ஆராய்கிறவர் முதலில் மேலேயும் கீழேயும் நடந்து பார்க்க வேண்டும்.

வகுப்பறையில் இவ்விளையாட்டைப் பயன்படுத்துவதை நான் வரவேற்கிறேன். வீழ்உயரம், ஓட்டம், தேக்கம் ஆகியவற்றை ஒரு மணி நேரத்தில் கையால் உணரச் செய்யும் கருவி வேறொன்றை நான் காணவில்லை. ஆடி முடித்ததும் மாணவரிடம் ஒரு பயிற்சியைக் கொடுக்கலாம்: இதே ஆற்றை மூவர் உடைமையாக்கி, சக்கரம் ஒவ்வொன்றும் ஆற்றின் உயரத்தை உண்ணும் என்று விதி வகுத்து, கீழே இருப்பவர் அணையை ஓரடி உயர்த்தட்டும். அடுத்து நிகழ்வதை எழுதி வரச் சொல்லுங்கள். வரும் விடைத்தாள்கள் துலூஸ் நகரத்து வழக்குக் கட்டுகளை வெகுவாக ஒத்திருக்கும்.

நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். நீராலையிலோ பாசனக் கால்வாயிலோ, வந்து சேரும் நீருக்கும் விட்டு நீங்கும் நீருக்கும் உங்கள் பகுதியில் தனித்தனிச் சொற்கள் வழங்கினால், ஊர்ப் பெயரோடு பின்னூட்டத்தில் பதிவு செய்யுங்கள். தமிழ் மட்டுமன்றி, நீங்கள் வாழும் மாநிலத்தின் மொழிச் சொற்களும் பயன்படும். குறிப்பாக, விட்டு நீங்கும் நீருக்குப் பெயர் வைத்திருக்கும் ஊர்களைத் தேடுகிறேன். அங்கே அந்நீரைப் பற்றி ஒருகாலத்தில் யாரோ சண்டையிட்டிருப்பார்கள், யாரோ உடன்பாடும் கண்டிருப்பார்கள்.